நாத்தனார் அல்ல நம் எதிரி

செய்வினை, ஏவல், பொல்லாத ஆவி எல்லாம் பொய் என்று சொல்ல நான் வரவில்லை. வேதத்தை நம்புகிறவள் நான். நமக்கு எதிரி உண்டு என்று வேதமே சொல்கிறது. என் ஆதங்கம் வேறு. கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் நம் வீட்டு ஜெபக்கூட்டங்களில் இப்போதெல்லாம் இயேசுவைவிட எதிரியைப் பற்றிய பேச்சுதான் அதிகம்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் கணவருக்கு வேலை போனது. கூடவே மகனுக்கு விடாத காய்ச்சல். ஜெபிக்க வந்த ஊழியர் ஒருவர், "உங்க சொந்தத்துலயே ஒருத்தங்க செஞ்சு வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அக்கா நாத்தனார் வீட்டுப் படி ஏறவில்லை. தீபாவளிக்கு அங்கிருந்து வந்த முறுக்கு டின் அப்படியே குப்பைக்குப் போனது. நாத்தனார் இந்து, அவர் செய்த குற்றம் அவ்வளவுதான். அக்காவின் பிரசவத்தின்போது பத்தியச் சோறு பொங்கிப் போட்டவரும் அவரே. சொல்லுங்கள், அந்த வீட்டில் பிசாசு ஜெயித்தது வேலை போன அன்றா, உறவு அறுந்த அன்றா?

வேதத்தில் எண்ணாகமம் 22 முதல் 24 வரை ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். இஸ்ரவேலைச் சபிக்கவென்றே மோவாப் ராஜா பாலாக், கூலி கொடுத்துப் பிலேயாம் என்ற குறிசொல்லுகிறவனை வரவழைக்கிறான். மூன்று இடங்களுக்கு அழைத்துப்போய் ஒவ்வொன்றிலும் 7 பலிபீடம் கட்டுகிறான். நம் பாஷையில் சொன்னால் பெரிய செலவில் வைத்த செய்வினை. ஒவ்வொரு முறையும் பிலேயாமின் வாயிலிருந்து ஆசீர்வாதம்தான் வருகிறது. "யாக்கோபுக்கு (அதாவது இஸ்ரவேலுக்கு) விரோதமான மந்திரவாதம் இல்லை" என்று அவனே சொல்கிறான். கீழே கூடாரங்களில் இருந்த ஜனங்கள் அதற்காக ஒரு பரிகாரம் செய்ததாகவோ, யார் ஏவியது என்று தேடியதாகவோ எழுதியிருக்கிறதா? இல்லை. மலைமேல் நடந்ததைக் கர்த்தரே பார்த்துக்கொண்டார். எனக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேதத்தில் குறைவு.

அடுத்த அதிகாரத்தையும் விடாதீர்கள். சாபத்தால் விழாத அதே ஜனம், பாகால்பேயோர் என்ற அந்நிய தெய்வத்தைப் பற்றிக்கொண்டு தங்கள் பாவத்தால் விழுந்தது. 24,000 பேர் செத்தார்கள். வாசலில் கிடந்த எலுமிச்சம்பழத்துக்கு நடுங்குகிற நாம், நம் பொய்க்கும் பகைக்கும் ஏன் அப்படி நடுங்குவதில்லை?

அப்போஸ்தலன் பவுலும் அதைத்தான் எபேசு சபையாருக்கு எழுதினார். எபேசு மந்திரம் மலிந்த ஊர். அங்கே விசுவாசிகள் எரித்த மாயவித்தைப் புத்தகங்களின் விலையே 50,000 வெள்ளிக்காசு. அந்த ஊர் விசுவாசிகளுக்கு அவர் போர்க்கவசமாக அணியச் சொன்னது சத்தியம், நீதி, விசுவாசம். நம் போராட்டம் "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல" என்றார். அதை எழுதும்போது அவரே சங்கிலியில் கிடந்தார். தேவன் காக்கிறவர் என்றால் துன்பமே வராது என்று அவர் ஒருநாளும் எண்ணவில்லை.

ஆகவே காய்ச்சலா, முதலில் டெங்கிக்கு ரத்தம் பாருங்கள், ஜெபமும் பண்ணுங்கள். யாராவது வந்து சொந்தக்காரரைக் கைகாட்டினால், "ஐயா, அது வேண்டாம், ஜெபம் மட்டும் பண்ணிட்டுப் போங்க" என்று தைரியமாகச் சொல்லுங்கள். பாஸ்டர்மார்களே, உங்கள் சபையில் இப்படிக் குறி சொல்கிற ஊழியர் இருந்தால் கூப்பிட்டுக் கண்டியுங்கள். அந்தப் பேச்சால் பிரிந்த குடும்பங்களை நீங்களே போய்ச் சேர்த்து வையுங்கள்.