பணிச்சோர்வு ஆலோசகரின் பலவீனம் அல்ல

ஒருவர், “மனநல மையத்தில் ஒரு ஆலோசகர் சோர்ந்துபோனால் அது அவருடைய மனவலிமைக் குறை, தியான வகுப்புக்கு அனுப்பினால் சரியாகிவிடும்” என்று எழுதியிருக்கிறார். இது தவறு. உலக சுகாதார நிறுவனம் நோய்களை வகைப்படுத்தும் ஐசிடி-11 பட்டியல் பணிச்சோர்வை நோயாகக்கூடச் சொல்லவில்லை; சரியாகக் கையாளப்படாத, நீண்டகாலப் பணியிட அழுத்தத்தின் விளைவு என்கிறது. அப்படியென்றால் முதலில் பார்க்க வேண்டியது மையத்தை நடத்துபவர் போட்ட அட்டவணையை. மூச்சுவிட நேரமில்லாமல் அடுத்தடுத்து சந்திப்புகள், தற்கொலை எண்ணத்தோடு வருபவர்கள் எல்லாரும் ஒரே ஆலோசகரிடம், குறிப்பெழுத உட்காரும்போது இரவு பதினொரு மணி. இதை மாற்றாமல் தியானம் என்ன செய்யும்? அப்புறம், மையம் நடத்துபவர்களே, ஆலோசகர்கள் தங்கள் கேஸ்களை மூத்தவரோடு பேசும் மேற்பார்வைக் கூட்டத்தில் வருமான இலக்கைப் பேசாதீர்கள். பேசினால், “இந்தக் கேஸ் எனக்குத் தாங்கவில்லை” என்று யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.