ஆழம் எவ்வளவு என்று கேட்டால் கோழையா?

அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குளத்தின் விளிம்பில் நடுங்கிக்கொண்டு நிற்கும் பையனை கோச் முதுகில் கைவைத்துத் தலைகுப்புறத் தள்ளுகிறார், பெற்றோர் கைதட்டுகிறார்கள். அவன் எழுந்து நின்றபோது தண்ணீர் நெஞ்சுக்குக்கூட வரவில்லை, அதைக் கவனித்தீர்களா? நான் கமென்ட்டில் கேட்டது ஒன்றுதான்: அங்கே ஆழம் எவ்வளவு? "உங்களை மாதிரி ஆட்களால்தான் பிள்ளைகள் கோழைகளாக வளர்கிறார்கள்" என்று பதில் வந்தது. சரி.

டைவ் கற்றுக்கொடுக்கவே கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? தாராளமாகக் கற்றுக்கொடுங்கள், ஆழமான பக்கத்தில். தலை முதலில் போகும் டைவுக்குக் குறைந்தது 9 அடி ஆழம் வேண்டும் என்கிறது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம். நெஞ்சளவுத் தண்ணீரில் வேகம் குறைவதற்குள் தரை வந்துவிடும். தலை முட்டி நிற்கும், பின்னால் வரும் உடம்பு நிற்காது. அந்த எடை முழுவதும் கழுத்தில் இறங்கும். ஐந்தாவது, ஆறாவது கழுத்தெலும்புகள்தான் பெரும்பாலும் நொறுங்குகின்றன. தண்டுவடம் நசுங்கினால் கை, கால் எதுவும் அசையாமல் போகலாம். கோழைத்தனம் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

"போட்டிக் குளங்களே அவ்வளவு ஆழம் இல்லையே" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. உலக நீச்சல் கூட்டமைப்பின் விதிப்படி வீரர்கள் ஏறி நின்று பாயும் மேடையான ஸ்டார்டிங் பிளாக்குக்கு முன்னால் 1.35 மீட்டர் ஆழம் இருந்தால் போதும்தான். ஆனால் அங்கே பாய்கிறவர்கள் நீர்மட்டத்தை ஒட்டி நீளமாகப் பாயப் பழகியவர்கள். அழுகிற குழந்தையைத் தள்ளிவிட்டு அதோடு ஒப்பிடாதீர்கள்.

இன்னொருவர், "நாங்களெல்லாம் குதிக்கவில்லையா, நன்றாகத்தானே இருக்கிறோம்?" நன்றாக இருப்பவர்கள்தானே ஐயா வந்து கமென்ட் போட முடியும்!

என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் முதலில் அவளைக் குளத்து விளிம்பில் உட்காரத்தான் வைத்தார். கைகளைத் தலைக்கு மேல் நீட்டி, ஒன்றின்மேல் ஒன்று வைத்து, கட்டைவிரலைப் பூட்டி, மேல்கைகள் காதோடு ஒட்டியிருக்க, முகவாயை உள்ளே இழுத்துக்கொண்டு அப்படியே முன்னால் சரிய வேண்டும். அது கைவந்த பிறகு ஒரு முழங்காலில் நின்று. நின்றபடி பாய்வது ரொம்பப் பிறகு. நடுவில் வயிறு அடித்துச் சிவந்து, இனி மாட்டேன் என்று அழுதாள். அவர் தள்ளவில்லை, உட்கார்ந்து பாயும் பாடத்துக்கே திரும்பப் போனார். ஏனென்றால் பயந்த பிள்ளையைத் தள்ளினால் கையை மடக்கும், தலையைத் தூக்கும். எதைச் செய்யக் கூடாதோ அதைத்தான் உடம்பு செய்யும். அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், பையனின் கைகள் எங்கே இருக்கின்றன என்று.

ஆனால் அதற்கு யாருக்கு நேரம்? ஹார்ட் போடவே நேரம் சரியாக இருக்கிறது. பயம் என்றால் ஏன் இவ்வளவு இளக்காரம் உங்களுக்கு? இவ்வளவு எழுதியும் "ஓவர் பேரன்ட்டிங்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவீர்கள், தெரியும்.

தெரியாதவர்கள் திட்டியதுகூடப் பரவாயில்லை. என் கமென்ட்டுக்குச் சிரிப்புக் குறி போட்டவர்களில் ஒருவர் எனக்குப் பல வருடப் பழக்கம். உங்கள் பெண்ணுக்கு நல்ல கோச் வேண்டும் என்று இன்பாக்ஸில் என்னிடம் கேட்டது நீங்கள்தானே? நான் கொடுத்த நம்பர் அந்த உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் கோச்சுடையதுதான். அவரிடமே சேர்த்துவிடுங்கள். என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை.