அந்தப் பந்தயத்தில் ஜெயித்தது அவர்தான்

நேற்று ராத்திரி நம் ஓட்டக் குழுவில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வீடியோவைப் போட்டவர் பெயரை எழுதப் போவதில்லை, அவருக்கே தெரியும். முதல் முறையாக 21 கிலோமீட்டருக்குப் பதிவு செய்திருக்கிற ஒரு பெண், "வழியில் லேடீஸ் டாய்லெட் எத்தனையாவது கிலோமீட்டரில் இருக்கும்?" என்று கேட்டாள். அதற்குப் பதிலாக வந்தது 2005 லண்டன் மாரத்தான் வீடியோ. பிரிட்டிஷ் ஓட்டக்காரர் பவுலா ராட்கிளிஃப் சாலையோரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒதுங்குகிற அந்தச் சில விநாடிகள். கீழே "இப்படித்தான் சமாளிக்கணும்" என்று ஒரு வரி. 37 பேர் சிரிப்பு எமோஜி. காலையில் பார்த்தால் அந்தப் பெண் குழுவை விட்டுப் போயிருக்கிறாள்.

எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்தப் பந்தயத்தில் ஜெயித்தது யார் என்று அந்த 37 பேரில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் ஜெயித்தார். வயிற்றைப் பிடித்து இழுக்கிறது, வேகம் குறைகிறது, 22ஆவது மைல் வாக்கில் ஒதுங்கினார், எழுந்தார், ஓடினார், 2 மணி 17 நிமிடம் 42 விநாடியில் முடித்தார். இரண்டாவதாக வந்தவர் ஐந்து நிமிடத்துக்கும் மேல் பின்னால். ஆண் பேஸர்கள் (வேகம் பிடித்துக் கொடுக்க முன்னால் ஓடுகிறவர்கள்) இல்லாத, பெண்கள் மட்டும் ஓடுகிற மாரத்தானில் அதுவரை உலகத்தில் யாரும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. 2017இல் மேரி கெய்டனி வருகிற வரைக்கும், 12 வருடம், அந்த நேரத்தை யாராலும் தொட முடியவில்லை. வீடியோவில் இது எதுவும் இல்லை. வெட்டி எடுத்தவருக்கு அந்தச் சில விநாடிகள் போதுமானதாக இருந்திருக்கிறது.

இந்த மனுஷி எப்படி வந்தார் என்று கொஞ்சம் சொல்கிறேன். 14 வயதில் ஆஸ்துமா என்று தெரிந்தது. ரத்தச்சோகை வேறு. 1996 அட்லாண்டாவில் 5000 மீட்டரில் ஐந்தாவது. 2000 சிட்னியில் 10,000 மீட்டர், பந்தயத்தின் பெரும்பகுதி தானே முன்னால் ஓடி, கடைசிச் சுற்றில் மூன்று பேர் தாண்டிப்போக, நான்காவது. கடைசியில் சீறிப் பாய்கிற கால் அவருக்கு இல்லை. அதனால் அவருக்கு இருந்தது ஒரே வழி, ஆரம்பத்திலிருந்தே மற்றவர்கள் தாங்க முடியாத வேகத்தில் போவது. தலையை ஆட்டி ஆட்டி ஓடுவார், பார்க்கிறவர்களுக்குக் கழுத்து வலிக்கும். அந்தத் தலையாட்டலையும் கேலி செய்தார்கள். 2002இல் முதல் மாரத்தான், 2:18:56. அதே வருடம் சிகாகோவில் 2:17:18, உலக சாதனை. 2003 ஏப்ரலில் லண்டனில் 2:15:25. ஒரு கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 13 விநாடி கூட இல்லை, அதை 42 தடவை. நம் குழுவில் அந்த வேகத்தில் ஒரே ஒரு கிலோமீட்டர் ஓடக்கூடிய பெண் யாரும் கிடையாது, என்னையும் சேர்த்து. அந்தச் சாதனை 2019இல் பிரிஜிட் கோஸ்கெய் முறியடிக்கும்வரை 16 வருடம் நின்றது.

2003இல் அவருக்கு ஆண் பேஸர்கள் இருந்தார்களே என்று ஒருவர் தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறார். இருந்தார்கள், சரி. 2011இல் உலகத் தடகளச் சம்மேளனத்தார் அதைக் காரணம் காட்டி சாதனையை இறக்கப் பார்த்தார்கள், அப்புறம் அவர்களே பின்வாங்கினார்கள். நான் பேசுவது 2005 பற்றி.

"ஜோக்தானே, ஏன் இவ்வளவு சீரியஸா எடுத்துக்கிறீங்க?" என்பது அடுத்தது. சொல்கிறேன்.

மூன்று வருடம் முன்னால் ஒரு அரை மாரத்தான். யார் நடத்தினது என்று சொல்லவில்லை. 12ஆவது கிலோமீட்டரில் எனக்கு மாதவிலக்கு வந்துவிட்டது, நான்கு நாள் முன்னதாகவே. வழியில் வைத்திருந்த தற்காலிகக் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று அங்கே நின்ற வாலண்டியர் தம்பிக்குத் தெரியவில்லை, பாவம், அவன் தண்ணீர் பாக்கெட்டை நீட்டினான். சாலை ஓரத்தில் ஒரு தள்ளுவண்டி இட்லிக் கடை. குண்டான் மூடியைத் திறந்துகொண்டிருந்த அக்கா என் முகத்தைப் பார்த்ததுமே கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பின்னால் அவர் வீடு, வாசலுக்குப் பழைய புடவைதான் திரை. நீல டிரம், அதன்மேல் கவிழ்த்த பிளாஸ்டிக் மக். மகளுடையதை நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். "போம்மா, நான் வாசல்ல நிக்கிறேன்" என்றார். அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருக்க, வண்டியை அப்படியே விட்டுவிட்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் "என்ன இவ்ளோ லேட்?" என்று கேட்டார்கள். முட்டி வலி என்றேன். குழுவிலும் அதையேதான் போட்டேன். நீங்கள் எல்லோரும் ஐஸ் ஒத்தடம் கொடுக்கச் சொன்னீர்கள். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

பவுலா அப்படி மறைக்கவில்லை. மறைக்க வழியும் இல்லை, கேமரா கூடவே வந்தது. ஆனால் அவர் அதைப் பார்த்து வெட்கப்பட்டுப் பந்தயத்தை விடவில்லை. ஓடினார். ஜெயித்தார்.

"ஆண்களையும் இப்படித்தானே கேலி செய்கிறோம்" என்பவர்களுக்கு ஒரே பதில். ஒவ்வொரு ஞாயிறும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆண்கள் மரத்தடியில் ஒதுங்குகிறார்கள். நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடுகிறோம். யாராவது ஒரு தடவை வீடியோ எடுத்திருக்கிறோமா? நம் குழுவில் எத்தனை பெண்கள் முந்தின ராத்திரி எட்டு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்காமல் லாங் ரன்னுக்கு வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? கேட்டிருக்கிறீர்களா? கேட்டவள் ஒருத்திதான், அவளும் போய்விட்டாள்.

ஏதென்ஸை இழுப்பீர்கள் என்றும் தெரியும். 2004 ஒலிம்பிக்கில் பாதியில் நின்றவர்தானே, என்ன பெரிய வீராங்கனை என்று. காலில் காயம், அதற்குச் சாப்பிட்ட மாத்திரை வயிற்றைக் கெடுத்தது, சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை, கொளுத்துகிற வெயில். 36 கிலோமீட்டர் வாக்கில் நின்றார். நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து அழுததை உலகமே பார்த்தது, ஊர்ப் பத்திரிகைகள் கிழித்தன. 11 வாரம் கழித்து நியூயார்க் மாரத்தானில் ஜெயித்தார். அடுத்த வருடம் ஹெல்சின்கியில் உலக சாம்பியன். 2007 ஜனவரியில் மகள் பிறந்தாள், அதே வருடம் நவம்பரில் மறுபடியும் நியூயார்க்கில் ஜெயித்தார். ஒலிம்பிக் பதக்கம் கடைசிவரை கிடைக்கவில்லை, அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். ஆனால் அழுததையும் ஒதுங்கியதையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போடுகிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இது புதுசும் இல்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதல் முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்துக் களைத்துப்போனதைப் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கின. பெண் உடம்புக்கு இது தாங்காது என்று 1960 வரை 800 மீட்டரையே எடுத்துவிட்டார்கள். பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் வந்ததே 1984இல்தான், அப்போது பவுலாவுக்கு 10 வயது. ஓடிய பெண்ணின் நேரத்தைப் பார்க்காமல் அவள் உடம்பைப் பார்ப்பது அன்றைக்கே ஆரம்பித்தது. நேற்று ராத்திரி நம் குழுவிலும் நடந்தது. சிரித்தவர்களில் இரண்டு பெண்களும் இருந்தார்கள். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

வீடியோவை எடுங்கள் என்று காலையிலேயே அட்மினிடம் சொன்னேன். இதை எழுதுகிற வரைக்கும் எடுக்கவில்லை.

அந்தப் பெண்ணின் நம்பருக்கு நானே மெசேஜ் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை 4:45க்கு எலியட்ஸ் கடற்கரையில் நிற்கிறேன், நீ கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும், எந்தக் கடைக்காரர் கதவைத் திறப்பார், எந்த பெட்ரோல் பங்கில் திறந்திருக்கும் என்று எல்லாமே கூடவே ஓடிக் காட்டுகிறேன், தண்ணீர் குடித்துவிட்டு வா என்று. இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.