மாவுக்குப் போர்த்திய கம்பளி

(ஊட்டி, காந்தல். ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. முற்றத்தில் நிற்கும் பைக் சீட்டின் மேல் பொடி உப்பைத் தூவியது போல உறைபனி. மாடியிலிருந்து முத்து இறங்கி வருகிறான். சொந்த ஊர் ராமநாதபுரம். மாற்றலாகி இங்கே வந்து மூன்று வாரம். உடம்பில் இரண்டு சட்டை, ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் கழுத்தில் முடிச்சுப் போட்ட வேட்டி. கீழே வீட்டுக்கார மல்லிகா அக்கா ஒரு சால்வையோடு சாவகாசமாக வாசல் பெருக்கிக்கொண்டிருக்கிறார்.)

முத்து: அக்கா, ராத்திரி அவசரம் என்று என் கம்பளியை வாங்கிக்கொண்டு போனீர்களே...

அக்கா: அதை ஏன் கேட்கிறாய் தம்பி! இரண்டு நாளாக ஒரே கவலை. அப்படியே கிடக்கிறது. எழும்பவே மாட்டேன் என்கிறது.

முத்து: ஐயையோ, சொல்லியிருந்தால் நானும் வந்து பார்த்திருப்பேனே!

அக்கா: நீ வந்து என்ன செய்வாய்? நானே நாலு தடவை எழுந்து கம்பளியை விலக்கிப் பார்த்தேன். தொட்டால் ஜில்லென்று இருக்கிறது.

முத்து: ஜில்லென்றா! மூச்சு...?

அக்கா: ஒரு குமிழிகூட இல்லை.

முத்து: டாக்டரைக் கூப்பிடலாமா அக்கா?

அக்கா: டாக்டர் எதற்கு? மத்தியானம் வரைக்கும் பார்ப்பேன். அப்போதும் எழும்பவில்லை என்றால் சுட்டுவிட வேண்டியதுதான்.

முத்து: (குரல் கம்ம) சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாமா?

அக்கா: அவர்களுக்கு எதற்கு? நம் இரண்டு பேருக்கே ஆளுக்கு நாலுதான் வரும். தொட்டுக்கொள்ள தக்காளிச் சட்னி போதும்.

முத்து: சட்னியா? அக்கா... அந்தக் கம்பளிக்குள்ளே இருப்பது யார்?

அக்கா: இட்லி மாவு. வேறு யார்?

(முத்து படியிலேயே உட்கார்ந்துவிடுகிறான். கல் படி சுரீரென்று குளிர, உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிடுகிறான்.)

முத்து: யாரோ வயசானவர் குளிரில் நடுங்குகிறார் என்று நினைத்து, கட்டிலில் இருந்த கம்பளியை உருவிக் கொடுத்தேன் அக்கா. ராத்திரி முழுக்க ஒரு வேட்டிக்குள் சுருண்டு கிடந்தேன். மேலே இழுத்தால் கால் வெளியே, கீழே இழுத்தால் தலை வெளியே!

அக்கா: நீ எழுந்து வந்துவிட்டாய். மாவு எழும்பவில்லையே!

முத்து: எங்கள் ஊரில் மாவை ஆட்டி வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய் வந்தால், மூடியைத் தள்ளிவிட்டுத் திண்ணை வரைக்கும் வந்திருக்கும். அதைப் பிடித்து உள்ளே போடுவதுதான் வேலை. இங்கே தாலாட்டிப் பாலூட்டி வளர்க்கிறீர்கள்.

அக்கா: குளிரில் அப்படித்தான். உளுந்தைக் கொஞ்சம் கூடப் போட்டேன், ஒரு பிடி வெந்தயமும் சேர்த்தேன். உப்பு போட்டால் புளிப்பது தாமதமாகும் என்று உப்பே போடவில்லை. வெந்நீர் அண்டாவுக்குள் தூக்கை இறக்கி, மேலே உன் கம்பளியைச் சுற்றினேன்.

முத்து: வெந்நீர் அண்டா வேறா! எனக்கு ஒரு சொம்பு வெந்நீர் கேட்டதற்கு, கரண்ட் பில் என்றீர்களே?

அக்கா: நீ பொங்கி எனக்கு என்ன ஆகப்போகிறது?

(இந்தக் கேள்விக்கு முத்துவிடம் பதில் இல்லை. யாரிடமும் இருக்காது.)

அக்கா: சரி, தலையில் என்ன அது, வெள்ளை வெள்ளையாக? பனியா?

முத்து: தேங்காய் எண்ணெய் அக்கா. பாட்டிலைத் தட்டினேன், குலுக்கினேன், கவிழ்த்து அமுக்கினேன். கடைசியில் ஸ்பூன் காம்பால் தோண்டித் தலையில் வைத்துத் தேய்த்தால், கட்டி கட்டியாக நிற்கிறது. சீப்பு பாதி வழியிலேயே மாட்டிக்கொண்டது. நேற்று பாட்டிலைக் கக்கத்தில் வைத்து, கோழி மாதிரி அரை மணி நேரம் அடைகாத்தேன். எண்ணெய் உருகவில்லை, நான்தான் உறைந்தேன்.

அக்கா: 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது கட்டிதான். ஊட்டியில் அதற்கு வருஷத்தில் பெரும்பாலான நாள் தூக்கம். அடுப்பு மேடையில் வைத்துக்கொள். அப்புறம், ராத்திரி பருப்பு வெந்ததா?

முத்து: அதை ஏன் கேட்கிறீர்கள்! சட்டியில் போட்டு ஒன்றரை மணி நேரம் கொதிக்க விட்டேன். தளதளவென்று கொதிக்கிறது. பருப்பை எடுத்துப் பார்த்தால் கடையில் வாங்கிய மாதிரியே இருக்கிறது. கேஸ் தீர்ந்ததுதான் மிச்சம்.

அக்கா: குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேகுமா? என் மகள் இயற்பியல் டீச்சர், அவள் சொல்வாள். நாம் இருப்பது 2,200 மீட்டருக்கு மேலே. காற்றழுத்தம் குறைவு. உங்கள் ஊரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்தால், இங்கே 92, 93-லேயே கொதித்துவிடும். எவ்வளவு தீயை ஏற்றினாலும் அதற்கு மேல் சூடு ஏறாது.

முத்து: ஆக, சூடு வருவதற்கு முன்பே கொதித்துவிடுகிறது. எங்கள் மேலதிகாரி மாதிரி.

அக்கா: குக்கரை இரவல் தருகிறேன். கழுவித் திருப்பித் தரவேண்டும். அது இருக்கட்டும், நேற்று கும்மட்டி அடுப்பையும் கரியையும் மாடிக்கு எடுத்துப் போனாய் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களே?

முத்து: அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டால் கதகதப்பாக இருக்கும் என்று...

அக்கா: (துடைப்பத்தைத் தூக்கி) சாத்தினால் கதகதப்பாக இருக்காது, கதைதான் முடியும்! மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இந்த மலையில் அப்படி எத்தனை பேர் போயிருக்கிறார்கள் தெரியுமா? இப்போதே கீழே கொண்டுவந்து வை.

முத்து: பற்ற வைக்கவே தெரியவில்லை அக்கா. ஒரு தீப்பெட்டி முழுக்கத் தீர்ந்தது.

அக்கா: நல்ல வேளை, உனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

முத்து: ஆனாலும் நேற்று ராத்திரி ஒரு நம்பிக்கையோடுதான் படுத்தேன். மேகமே இல்லை, வானம் நிறைய நட்சத்திரம், காற்றுகூட அசையவில்லை. சரி, குளிர் குறையப் போகிறது என்று...

அக்கா: அட அப்பாவி! உறைபனி விழுவதே அந்த மாதிரி ராத்திரியில்தான். மேகம் இருந்தால் பூமிக்குப் போர்வை மாதிரி. பகல் சூட்டை மேலே போகவிடாமல் பிடித்து வைக்கும். மேகம் இல்லையென்றால் எல்லாச் சூடும் ஓடிவிடும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் நம் காந்தலிலும் தலைகுந்தாவிலும் புல்லெல்லாம் வெள்ளையாகிவிடுகிறது.

முத்து: பூமிக்கும் போர்வை இல்லை, எனக்கும் இல்லை. இந்த ஊரில் போர்த்திக்கொண்டு தூங்கியது மாவு ஒன்றுதான்.

அக்கா: ஏன், என் ரோஜாச் செடியைப் பார்க்கவில்லையா? சாக்கு போட்டு மூடியிருக்கிறேன். தாவரவியல் பூங்காவில்கூட நாற்றையெல்லாம் மிலார் செடிக் கிளைகளைப் போட்டு மூடி வைப்பார்கள். இல்லையென்றால் காலை வெயில் பட்டதும் கருகிவிடும்.

முத்து: பனியில் கருகுவதா?

அக்கா: இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து, அப்புறம் வெயில் பட்டால் தீய்ந்த மாதிரி கறுத்துப் போகும். தேயிலைத் தோட்டமே சில வருஷம் பழுப்பாகிவிடும்.

முத்து: அப்படியென்றால் எனக்கும் அந்த வியாதிதான். மலைக்குப் போனால் வெளுத்துவிடுவாய் என்று சொல்லி அம்மா ஆனந்தமாக அனுப்பி வைத்தார். நேற்று வீடியோ காலில் பார்த்துவிட்டு, "யார் பேசுவது? முத்துவைக் கூப்பிடுங்கள்" என்கிறார்.

அக்கா: ராத்திரி பனி, பகலில் சுள்ளென்ற மலை வெயில். மூக்கு நுனியில் தோல் உரிகிறது பார். தேங்காய் எண்ணெய் தடவு.

முத்து: தோண்டி எடுத்தா?

(அக்கா உள்ளே போய் இரண்டு டம்ளர் டீயும் ஒரு தட்டு வர்க்கியும் கொண்டுவருகிறார். முத்து ஒரு வர்க்கியைக் கடிக்கிறான். அது நொறுங்கி, பாதி வாய்க்குள்ளும் பாதி ஸ்வெட்டரிலும் விழுகிறது. ஸ்வெட்டரில் விழுந்ததையும் ஒவ்வொரு செதிலாகப் பொறுக்கித் தின்கிறான்.)

முத்து: இதற்காக இந்தக் குளிரை மன்னிக்கலாம் அக்கா.

அக்கா: டீயில் முக்கு. நனைந்ததும் எடுத்துவிடு, ஒரு நொடி தாமதித்தால் உள்ளே இறங்கிவிடும்.

முத்து: இறங்கிவிட்டது.

அக்கா: ஸ்பூனால் எடு. எண்ணெய் தோண்டிய ஸ்பூன் இல்லை, வேறு ஸ்பூன்!

(முற்றத்தில் வெயில் ஒரு பாய் அகலத்துக்கு விழுகிறது. இருவரும் டம்ளரோடு அதற்குள் நகர்ந்து உட்காருகிறார்கள். வெயில் நகர நகர இவர்களும் நகர்கிறார்கள். தெருவில் அரைக்கால் சட்டை போட்ட சுற்றுலாக்காரர் ஒருவர், காரின் கூரையில் படிந்த பனியைச் சுரண்டிக் குழந்தையிடம் உருண்டை பிடித்துக் கொடுக்கிறார்.)

முத்து: காசு கொடுத்துக் குளிர வருகிறார்கள். எனக்குச் சம்பளத்தோடு கிடைத்திருக்கிறது.

அக்கா: பத்து மணிக்கு அவரே குரங்குக் குல்லா எங்கே கிடைக்கும் என்று நம் வாசலில் வந்து நிற்பார், பார்.

(உள்ளேயிருந்து டப் என்று ஒரு சத்தம். அக்கா எழுந்து ஓடுகிறார். முத்து பின்னால் ஓடுகிறான். தூக்கின் மூடி ஒருபக்கம் விலகியிருக்கிறது. மாவு விளிம்பைத் தாண்டி, கம்பளியின் நீலக் கோட்டின் மேல் ஒரு கை அகலத்துக்கு வழிந்திருக்கிறது.)

அக்கா: (கைதட்டி) எழும்பிவிட்டது! எழும்பிவிட்டது!

முத்து: என் கம்பளி...

அக்கா: துவைத்துப் போட்டுவிடலாம், கவலைப்படாதே. இந்தக் குளிரில் மூன்று நாளில் காய்ந்துவிடும். நாலு என்றே வைத்துக்கொள்.

முத்து: நாலு ராத்திரிக்கு நான் என்ன செய்வேன் அக்கா?

அக்கா: என் கம்பளி ஒன்று பெட்டியில் இருக்கிறது. பெரியது, இரண்டு பேர் போர்த்தலாம். ஆனால் நாளைக்கும் மாவு ஆட்டவேண்டுமே.

முத்து: அந்தத் தூக்கையும் என் கட்டிலிலேயே வைத்துவிடுங்கள். ஒரே கம்பளிக்குள் இருவரும் படுத்துக்கொள்கிறோம். அதற்கும் சூடு, எனக்கும் சூடு.

(அக்கா அவனை மேலும் கீழும் பார்க்கிறார்.)

அக்கா: தூக்கத்தில் புரண்டு படுக்கிற பழக்கம் உண்டா?