ரங்கூன் 1824: படத்துக்கு வெளியே நின்றவர்கள்
1824இல் பிரிட்டிஷ் படை பர்மாவின் ரங்கூனை (இன்றைய யாங்கோன்) பிடித்ததைக் காட்டும் படங்களை வரைந்த ஜோசப் மூர் அந்தப் படையோடு வந்த லெப்டினன்ட், கண்ணால் பார்த்தவர், அதனால் அவற்றை அப்படியே நம்பலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பார்த்தவர்தான், ஆனால் எந்தப் பக்கம் நின்று பார்த்தார்? மே 11 அன்று லிஃபி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஆற்றில் நங்கூரம் போட்டுச் சுட்டது. கரையிலிருந்த பீரங்கிகள் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டன. படை இறங்கியபோது ஊரே காலி. பர்மிய அதிகாரிகள் மக்களைக் காட்டுக்குள் அனுப்பிவிட்டார்கள். மாடு இல்லை, படகு இல்லை, வாங்க ஒரு கடை இல்லை. மழைக்காலம் முழுக்க மாட்டிக்கொண்ட அந்தப் படையில் குண்டடியைவிடக் காய்ச்சலும் பேதியுமே அதிகம் பேரைக் கொன்றன. பாயும் சட்டியுமாகக் கிளம்பிப் போன ஊர்மக்களை வரையத்தான் அங்கே ஆளில்லை. அப்புறம், மூரின் படங்கள் லண்டனில் தகட்டில் செதுக்கி அச்சிட்டவை. இடையில் வேறு கைகளும் பட்டிருக்கின்றன. நான் யாங்கோனின் பான்சோடான் படகுத்துறையிலிருந்து எதிர்க்கரையிலுள்ள டல்லாவுக்கு அடிக்கடி படகில் போகிறவன். மே கடைசியில் மழை பிடித்தால் ஆறு பால் விட்ட தேநீர் நிறத்தில் புரளும், எதிர்க்கரை மறைந்துவிடும். அந்த மழையில் வீட்டை விட்டுப் போனவர்களைத்தான் அப்போது நினைப்பேன். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், தமிழர் அரிசி வியாபாரத்தோடுதான் பர்மாவுக்கு வந்தார்கள் என்கிறார். செட்டியார் கடைகளும் கூலிக் கப்பல்களும் பிந்தியவை. 1824 படையில் பெரும்பகுதி சென்னையிலிருந்து வந்தது, தமிழ் பேசிய சிப்பாய்களும் அதில் உண்டு. மூரின் கரையிறங்கும் படத்துத் தலைப்பிலேயே வங்காளம், சென்னைப் படைகள் என்றுதான் இருக்கிறது.