செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணி

போன வாரம் எங்கள் திருநெல்வேலிப் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. பழைய சண்டைதான், வருஷத்துக்கு இரண்டு தடவை வரும். சென்னையில் செட்டிலான ஒருத்தன் மதுரையில் ஒரு மால் வாசலில் குடும்பத்தோடு நின்று எடுத்த படத்தைப் போட்டு, “நம்ம ஊருக்கு எப்பம்லே இதெல்லாம் வரும்?” என்று கேட்டுவிட்டான். அவ்வளவுதான். அரசியல்வாதி சரியில்லை, ஊர்க்காரன் கஞ்சன், மதுரைக்காரன் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டான், நாகர்கோவில்காரனுக்குப் பக்கத்திலேயே திருவனந்தபுரம் இருக்கிறது, நமக்கு மட்டும் அல்வாதானா என்று ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் ஓடியது. நான் வாயைத் திறக்கவில்லை. அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

குறை நிஜம்தான். பெயர்ப்பலகையில் மால் என்று எழுதிக்கொண்ட கட்டடங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கோயம்புத்தூருக்கு 2009-லேயே புரூக்ஃபீல்ட்ஸ் வந்துவிட்டது, அப்புறம் ஃபன் மால், 2017-ல் புரோசோன். மதுரைக்கு 2012-ல் விஷால் டி மால். திருவனந்தபுரம் ஆக்குளத்தில் 2021 டிசம்பரில் லுலு திறந்தார்கள், சுமார் 20 லட்சம் சதுர அடி. நாம் நடுவில் இருக்கிறோம். வடக்கே போனாலும் தெற்கே போனாலும் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்புப்படி மதுரை மாநகராட்சியில் 10 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், நெல்லையில் 4 லட்சத்து 73 ஆயிரம். தலையை எண்ணினால் நமக்கு அரை மாலாவது வந்திருக்க வேண்டும். ஏன் வரவில்லை?

நான் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என்று நாற்பது ஐம்பது கடைகளின் பில்கள் மாதாமாதம் என் மேசைக்கு வரும், 20-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்கிற ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டும். யார் கடையில் எவ்வளவு என்பதெல்லாம் வெளியே சொல்லக்கூடாது. ஆனால் எல்லாக் கடைக்கும் பொதுவாக ஒரு விஷயம் உண்டு, அதைச் சொல்லலாம். நம் ஊர் வியாபாரம் நாடித் துடிப்பு மாதிரி சீராக ஓடாது, குற்றால அருவி மாதிரி. சீசனில் தலையில் கொட்டும், மற்ற நாளில் பாறை தெரியும்.

தீபாவளிக்கு முந்தின மூன்று வாரத்தில் சில ஜவுளிக்கடைகள் அந்த வருஷத்தின் பெரும் பகுதியைப் பார்த்துவிடுகின்றன. பாளையங்கோட்டைப் பக்கம் கிறிஸ்துமஸ். மேலப்பாளையத்தில் ரம்ஜான் கடைசிப் பத்து நாள் ராத்திரிகளில் நடக்க இடம் இருக்காது. வைகாசி, ஆவணி, தை முகூர்த்தம் வந்தால் அம்பாசமுத்திரத்திலிருந்தும் நாங்குநேரியிலிருந்தும் வேன் பிடித்துப் பதினைந்து பேர் வருவார்கள், பட்டெடுக்கிற ஒரு பெண்ணுக்குப் பதினான்கு ஆலோசகர்கள். ஆடியில் தள்ளுபடி போட்டு எப்படியோ ஓட்டுவார்கள். புரட்டாசியில் முதலாளி கல்லாவில் உட்கார்ந்து பேப்பரை விளம்பரம் விடாமல் படித்துக்கொண்டிருப்பார். நான் சும்மா சொல்லவில்லை, ரிட்டர்னில் அது எண்ணாகவே தெரியும்.

இந்த ஊருக்குள் வருகிற பணமே அப்படித்தான். நெல் அறுத்தால் வரும், வாழை வெட்டினால் வரும், துபாயில் இருக்கிற மகன் அனுப்பினால் வரும். பீடி சுற்றுகிற பெண்களுக்கு வாரக் கூலி, அது சீட்டுக்கும் குழு லோனுக்கும் போன பிறகு மிச்சம் இருந்தால் ஒரு கிராம் தங்கம். பணம் இல்லாத ஊர் இல்லை இது. நகைக்கடைக்காரர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் இங்கே பணம் ஒரு காரியத்துக்காக வெளியே வரும், காரியம் முடிந்தால் உள்ளே போய்விடும். பொழுது போகவில்லை என்று பணத்தை எடுத்துக்கொண்டு சுற்றுகிற பழக்கம் நம் வீடுகளில் குறைவு.

மால் ஓடுவது எதில் தெரியுமா? தீபாவளியில் இல்லை. தீபாவளிக்கு எந்தக் கொட்டகை போட்டாலும் ஓடும். செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதில்தான் அதன் பிழைப்பு இருக்கிறது. ஏசியும் எஸ்கலேட்டரும் விளக்கும் அன்றைக்கும் ஓடியாக வேண்டும், கூட்டுகிறவருக்கும் காவலருக்கும் அன்றைக்கும் சம்பளம். கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு வர முடியாது.

எனக்கு இது விளங்கியதே திருவனந்தபுரத்தில்தான். என் அத்தையை அங்கே ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தேன். ரத்தம் எடுத்துவிட்டு ரிசல்ட் சாயங்காலம்தான் என்றார்கள். அத்தைதான், “சும்மா உக்காந்து இருக்கதுக்கு அந்தப் பெரிய கடையைப் பாத்துட்டு வந்துருவோம்” என்றாள். போனோம். தற்செயலாக அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். ஈயாடும் என்று நினைத்தேன். சாப்பாட்டுத் தளத்தில் உட்கார இடம் தேட வேண்டியிருந்தது. பாதிப் பேர் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. டெக்னோபார்க் என்கிற ஐடி பூங்காவில் வேலை பார்க்கிற பையன்களும் பெண்களும், மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள், ஷிப்ட் முடித்து வந்தவர்கள். ஒருத்தர் கையிலும் பெரிய பை இல்லை. ஒரு காபி, ஒரு ஐஸ்கிரீம், ஃபோனுக்கு ஒரு கவர். டெக்னோபார்க் தொடங்கியது 1990-ல், லுலு வந்தது 2021-ல். நடுவில் 31 வருஷம். முதலில் சம்பளம் வந்தது, அப்புறம்தான் மால் வந்தது. நம் ஆட்கள் வாலைப் பிடித்து ஆட்டினால் மாடு வரும் என்று நினைக்கிறார்கள்.

அன்றைக்கு அத்தை ஒன்றும் வாங்கவில்லை. எஸ்கலேட்டரும் பெரிதாகப் படவில்லை, நம் ஊர் வண்ணார்பேட்டை ஜவுளிக்கடையில் பார்த்ததுதானே என்று விட்டுவிட்டாள். ஆனால் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தவள் முகமே வேறாக இருந்தது. “எய்யா, இந்த மாதிரி ஒண்ணு நம்ம டவுன்ல இருந்தா நான் ஏன் தண்ணி குடிக்காம கடைக்கு வாரேன்?” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவளோடு எத்தனையோ தடவை ரத வீதியில் சுற்றியிருக்கிறேன். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் திரும்புகிற வரைக்கும் அவள் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை என்பதை நான் கவனித்ததே இல்லை. உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் அண்ணாச்சி கதை. கீழ ரத வீதியில் ரெடிமேட் கடை, அப்பா காலத்திலிருந்து. வெளியூர் மால் ஒன்றில் இடம் காலி இருக்கிறது என்று ஏஜெண்ட் ஒருவர் வந்து பேசியிருக்கிறார். மூத்த மகனுக்கு ஆசை. என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். அண்ணாச்சி பில் புத்தகத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார். வாடகை ஒன்று சொல்வார்கள், விற்பனையில் இத்தனை சதவீதம் என்று ஒன்று சொல்வார்கள், இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். பராமரிப்புக்குத் தனி. எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் அண்ணாச்சி, ஆனால் முதலில் கையிலிருந்து போகும் என்றேன். விற்பனையில் ஒரு சின்னச் சதவீதத்தை மட்டும் ஜிஎஸ்டியாகக் கட்டுகிற காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிற சின்னக் கடைக்காரருக்கு அந்தத் திரும்ப எடுக்கிற வசதியும் கிடையாது. உள் அலங்காரம் நம் செலவு, அதுவும் அவர்கள் சொல்கிற மாதிரி. காலை பத்திலிருந்து ராத்திரி பத்து வரை திறந்திருக்க வேண்டும், லீவு விடக்கூடாது.

“அப்பம் எங்க ஊர் கோயில் கொடைக்கு?” என்றார் அண்ணாச்சி.

“அன்னைக்கும் திறந்துதான் இருக்கணும்.”

பேனாவை மூடி வைத்துவிட்டார். “தம்பி, என் கடைக்கு வாரவன் பாதிப் பேரு பாக்கி வச்சுட்டுப் போறவன். அவன் அங்க வருவானா? வந்தாலும் அந்த வாட்ச்மேன் உள்ள விடுவானா?” மகனுக்குக் கோபம், எழுந்து போய்விட்டான். எனக்கு இரண்டு பேரும் சொல்வது சரியாகத்தான் பட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் என் சொந்தக்காரன் மாட்டியிருக்கிறான். மால் என்று சொல்லி நம் பக்கம் கட்டுவதில் பலதும் உண்மையில் கடையைத் துண்டு துண்டாக விற்கிற வியாபாரம். கட்டுகிறவர் நூறு பேரிடம் நூறு கடையை விற்றுக் காசாக்கிக்கொண்டு போய்விடுவார். அப்புறம் நூறு முதலாளி, நூறு அபிப்பிராயம். லிஃப்ட் பழுதானால் யார் காசு போடுவது, மேல் மாடிக்கு ஆள் வர என்ன கடை வைப்பது, யாரும் முடிவெடுக்க மாட்டார்கள். சென்னையில் அந்தக் காலத்தில் அத்தனை பேரும் போய்ப் பார்த்த ஸ்பென்சர் பிளாசாவிலும் கடைகளைத் தனித்தனியாகத்தான் விற்றார்கள், பின்னால் வந்த மால்களுக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. கட்டடம் ஒரே கையில் இருந்து, கடைகளை வாடகைக்கு மட்டும் விட்டு, எந்தத் தளத்தில் எந்தக் கடை என்று ஒருத்தர் தீர்மானிக்கிற மால்தான் நிற்கும். என் சித்தப்பா மகன் ஒரு வணிக வளாகத்தில் இரண்டாவது மாடியில் கடை வாங்கினான், வாடகை வரும் என்று. ஊர் பெயர் வேண்டாம். போன மாதம் கூடப் போனேன், ஷட்டர் பூட்டில் சிலந்தி வலை கட்டியிருக்கிறது, லிஃப்ட் வாசலில் யாரோ சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். மாதாமாதம் பராமரிப்புப் பணம் மட்டும் தவறாமல் கேட்கிறார்கள். எதைப் பராமரிக்கிறார்கள் என்று கேட்டால் பதில் இல்லை.

இதற்காக மாலே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். என் பெண்களுக்கு அது பிடித்திருக்கிறது. வெயிலில்லாமல் நடக்கலாம், யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, ஒன்றும் வாங்காமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். நம் ஊரில் ஒரு வயசுப் பெண் ஒன்றும் வாங்காமல் எங்கே போய் மூன்று மணி நேரம் உட்கார முடியும், சொல்லுங்கள். நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தில் உட்காரலாம், அதுவும் நடை சாத்துகிற வரைக்கும். ஆனித் திருவிழாச் சமயத்தில் பொருட்காட்சி வந்தால் அப்பளத்தைக் கடித்துக்கொண்டு சுற்றலாம். மற்ற நாளில்?

ஆனால் சரக்குக்கு மால் வேண்டும் என்று யாராவது சொன்னால் சிரிப்பாக வருகிறது. ஆரெம்கேவி 1924-ல் நம் டவுனில் தொடங்கிய கடை. போத்தீஸ் அதற்கு ஒரு வருஷம் முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில். தி.நகர் ரங்கநாதன் தெருவில் சரவணா ஸ்டோர்ஸ் பலகையைப் பார்த்து வாயைப் பிளக்கிறவர்களுக்கு, அந்த அண்ணாச்சிமார் புறப்பட்ட மண் எது என்று தெரியாதா? பல மாடிக் கடையைச் சென்னைக்குக் கற்றுக்கொடுத்ததே தென்பக்கத்து ஆட்கள்தான். கற்றுக்கொடுத்துவிட்டு இங்கே வந்து மால் இல்லை என்று அழுகிறோம். போதாததற்கு இப்போது முக்கூடல் மாதிரி சின்ன ஊருக்குள் கூட கூரியர் பையன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான்.

ஆக, கேட்பதென்றால் எனக்கு வரிசை வேறு. முதலில் மாதச் சம்பளம். தூத்துக்குடிக்கு வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலை வந்திருக்கிறது, நியோ டைடல் ஐடி பூங்கா வந்திருக்கிறது, அதனால் உருப்படியான மால் நமக்கு முன்னால் அவர்களுக்கு வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். நமக்குக் கங்கைகொண்டான் தொழிற்பேட்டை இருக்கிறது, அங்கே இன்னும் நாலு கம்பெனி வரட்டும். அடுத்தது, நாலு ரத வீதிக்கும் சேர்த்து வண்டி நிறுத்த ஒரு இடம், வீதிக்கு ஒரு சுத்தமான கழிப்பறை. இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்கிற மாதிரி இல்லை, அத்தை போனாளே அது மாதிரி. நாலு மர நிழல் பெஞ்சு. இத்தனையும் ஒரு மாலில் ஒரு தளம் கட்டுகிற செலவுக்குள் அடங்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

யாராவது மால் கட்டத்தான் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து ஆற்றங்கரைப் பக்கம் அண்டர்கிரவுண்ட் பார்க்கிங் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது, தாமிரபரணி ஆறு நெல்லை ஜங்ஷனுக்குள் வந்து உட்கார்ந்தது. என்னிடம் கணக்கு எழுதுகிற இரண்டு கடைகளின் அந்த வருஷப் பில் புத்தகங்கள் இன்னும் விரித்துக் காயப்போட்ட நிலையில்தான் இருக்கின்றன.

சரி, கமெண்டில் சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். நெல்லைக்கு மால் வேண்டும் என்கிறவர்கள், போன செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்கே இருந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.