புகைக்காத பெண்கள், புகையிலையைத் தொடாதவர்கள் அல்லர்

வளர்ந்த நாடுகள் பலவற்றில் ஆண்களும் பெண்களும் ஏறத்தாழ ஒரே அளவில் புகைக்க, ஏழை நாடுகளில் ஆண்களே பெரும்பாலும் புகைப்பதற்குப் பெண்களின் உடல்நல அக்கறையே காரணம் என்று புகைப்பழக்கம் பற்றிய ஒரு கட்டுரையின் ஆசிரியர் சொல்வதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை.

2016-17இல் நடந்த தேசிய அளவிலான புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 19 சதவீதத்தினரும் பெண்களில் 2 சதவீதத்தினரும் மட்டுமே புகைத்தனர். ஆனால் அதே கணக்கெடுப்பில், மெல்லும் புகையிலை உள்ளிட்ட புகையில்லா வகைகளைப் பயன்படுத்திய பெண்கள் 12.8 சதவீதம். அக்கறைதான் தடுத்தது என்றால், வெற்றிலையோடு சேர்த்து அடக்கிக்கொள்ளும் புகையிலையை அது ஏன் தடுக்கவில்லை? பெண் புகைப்பதை ஊர் பழிக்கும், மெல்லுவதைப் பழிக்காது என்பதே எனக்குத் தோன்றும் விடை. திருநெல்வேலிப் பகுதியில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றுபவர்கள் பெரும்பாலும் பெண்களே என்பதையும், புகைக்காமலேயே அவர்கள் நாள் முழுவதும் புகையிலைத் தூளைச் சுவாசிக்கிறார்கள் என்பதையும் இங்கே மறந்துவிடக் கூடாது.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இதே பழிப்பு இருந்தது. 1929இல் நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் இளம்பெண்களைச் சிகரெட்டுடன் நடக்கவைத்து, அதைச் 'சுதந்திரத்தின் தீப்பந்தம்' என்று விளம்பரப்படுத்தியவர், சிகரெட் நிறுவனமொன்றுக்காகப் பணியாற்றிய எட்வர்ட் பெர்னேஸ். பெண்களிடமும் புகைப்பழக்கம் பரவியதன் விளைவாக, 1987 வாக்கில் அந்நாட்டுப் பெண்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் மார்பகப் புற்றுநோய் மரணங்களை விஞ்சின. ஆகவே, நம் நாட்டின் அந்த 2 சதவீதத்தைச் சிகரெட் வியாபாரிகள் இன்னும் பிடிக்காத சந்தையாகவே பார்ப்பார்கள் என்று அஞ்சுகிறேன்.